எல்லா வளையமும் கறுப்புதான்

கப்பல் இயந்திரங்களுக்கு சீல் விற்கிற தொழிலில், சரியான பொருளைக் கொடுத்தால் யாரும் நம்மை நினைப்பதில்லை. தப்பாகக் கொடுத்தால்தான் நடுக்கடலில் நம் கடையின் பேர் ஞாபகத்துக்கு வரும்.

இதை எழுத உட்காரும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டாவது வரை படித்தவள் நான். எங்காவது ஒரு ரப்பரின் பேரை மாற்றி எழுதி, அதைப் படித்துவிட்டு யாராவது தன் படகில் மாட்டிவிட்டால் என்ன செய்வது? ஆகவே முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், இதை நம்பி எதையும் மாட்டாதீர்கள். கடைக்கு வாருங்கள்.

குக்கர் மூடியில் ஆவி பீய்ச்சி, வளையத்தை மாற்றி, மாற்றிய பிறகும் பீய்ச்சி, அடுப்படியில் கரண்டியோடு நின்று அழுதவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கப்பலில் சீல் என்பதும் அதே வளையம்தான். இரண்டு இரும்புக்கு நடுவே உட்கார்ந்து எண்ணெயையோ தண்ணீரையோ வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். எந்த ரப்பர் எதைப் பிடிக்கும் என்பதுதான் என் தொழில்.

கடை இந்தத் தீவில், டாலிகஞ்சில். வீடு புரோத்ராபூரில். முதலாளி இருப்பது சென்னையில். நான் பார்சல் கட்டத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். கவுண்டரில் இருந்தவர் மெயின்லேண்டுக்கே, அதாவது கடல் தாண்டி இந்தியக் கரைக்கே, திரும்பிப் போய்விட, ஆள் கிடைக்கும் வரை உட்காரு என்று முதலாளி என்னை அந்த நாற்காலியில் வைத்தார். என் அப்பா சிலோனிலிருந்து வந்து நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். அதனால் எனக்கு ரப்பர் தெரியும் என்று முதலாளி நினைத்துவிட்டார். மரத்தில் வருவது வேறு, பாக்கெட்டில் வருவது வேறு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜிலேபி

நிமாய் தாதா சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் படகு வைத்திருக்கிறார். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெய் கசிகிறது என்று பழைய வளையத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் போட வேண்டியது நைட்ரைல். எங்கள் கடையில் அதை எண்ணெய் ரப்பர் என்போம். அந்த அளவில் அது தீர்ந்துபோயிருந்தது. அடுத்த சரக்கு மெயின்லேண்ட் கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாத வாரம் அது. இந்தத் தீவில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். அளவு பொருந்துகிற இன்னொரு கறுப்பு வளையத்தை எடுத்தேன். பாக்கெட்டில் வேறு ஏதோ எழுதியிருந்தது. நிமாய் தாதாவைப் பார்த்து, சலேகாவா என்று கேட்டேன். சலேகா தீதி, சலேகா என்றார். ஓடும், சமாளித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பெங்காலி, தெலுங்கர், மலையாளி, தமிழர் என்று இங்கே யார் வாயைத் திறந்தாலும் நாலாவது வார்த்தை அதுதான்.

நான் கொடுத்தது ஈபிடிஎம். தண்ணீருக்கும் நீராவிக்கும் போடுகிற தண்ணி ரப்பர். சாதாரண ஹைட்ராலிக் எண்ணெயைக் கண்டால் அது குடித்துக்கொண்டே இருக்கும். ஆறாம் நாள் ஸ்டீயரிங் இறுகிப்போய், படகு பதினெட்டுப் பேரோடு ஒரே வட்டமாகச் சுற்றியிருக்கிறது. டிக்கெட்டில் இதுவும் சேர்த்தி என்று நினைத்துப் பயணிகள் கைதட்டினார்களாம். மூன்றாவது சுற்றில்தான் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. வேறொரு டோங்கிப் படகு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் நிமாய் தாதா செய்தித்தாளில் பொட்டலம் கட்டிய ஒன்றை என் மேசையில் பிரித்து வைத்தார். ஒன்றரை மடங்கு பருத்து, கொழகொழவென்று, எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது. அவர் கத்தவில்லை. கொடுத்த பொருள் என்னவென்று தெரிந்துகொள்ள மட்டும் விரும்பினார்.

"தீதி, யே சீல் ஹை யா ஜிலேபி?"

போனில் வந்த தீர்ப்பு

முதலாளிக்கு நானே போன் செய்து சொன்னேன். அடுத்தவர் வாயால் அவருக்குப் போவதைவிட அது மேல் என்று நினைத்தேன். மேலாக இல்லை. அவரும் கத்தாதவர்தான். முழுவதையும் கேட்டுக்கொண்டார். நான் இந்தப் பக்கம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. என் வாழ்க்கையில் நாலு பேர் வந்து, இதற்கு எது போடலாம் என்று என்னைக் கேட்டது அந்த ஏழு மாதத்தில்தான். அதை விட்டுவிட்டு மறுபடியும் கோணி ஊசியோடு உள்ளறையில் உட்கார எனக்கு மனசில்லை. முதலாளி கடைசியில் சொன்னார்.

"லெச்சுமி, இன்னொரு பீஸ் திரும்பி வந்துச்சுன்னா டிப்ளமோ படிச்ச ஆளை அனுப்பிடறேன். நீ பார்சலே கட்டு."

ஜாதகம்

அன்றிலிருந்து நான் கேள்வி கேட்கிறவளாகிவிட்டேன். எண்ணெயா, கடல் தண்ணீரா, டீசலா? எவ்வளவு சூடு? அந்த இடத்தில் இயந்திரத்தின் தண்டு சுற்றுகிறதா, சும்மா நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் பாக்கெட்டைத் தொட மாட்டேன். தூக்கத்தில்கூட என்ன எண்ணெய் என்று கேட்டேனாம். தலைக்குத் தேய்க்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, நல்லெண்ணெய் என்று வீட்டுக்காரர் பதில் சொல்லியிருக்கிறார்.

ஒரு பயணிகள் கப்பலின் சீஃப் இன்ஜினியர், மலையாளி, கடல் தண்ணீர் பம்புக்கு ஆயில் சீல் கேட்டு வந்தார். அந்த சீலின் உதடு மாதிரி விளிம்பைத் தண்டோடு அழுத்திப் பிடிக்க உள்ளே மெல்லிசாக ஒரு ஸ்பிரிங் இருக்கும். சாதாரண ஸ்பிரிங் கடல் தண்ணீர் பட்டால் துருப்பிடித்து அறுந்துபோகும், ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் வைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இருபது வருஷமாகக் கப்பலில் இருக்கிறேன், சீல் கேட்டால் ஜாதகம் கேட்கிறாயே சேச்சி என்று சிரித்துவிட்டு சாதாரணத்தையே கேட்டார். கொடுத்தேன். ஆனால் பில்லின் பின்பக்கத்தில் 'சொன்னேன், கேட்கவில்லை' என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்தால் என் கணக்கில் சேரக் கூடாதே.

மூன்று வாரம் கழித்து வந்தார். உள்ளங்கையில் மிளகாய்த்தூள் மாதிரி கொஞ்சம் துரு. அதுதான் ஸ்பிரிங். பில்லை நான் எடுக்கவில்லை. அவரே மேசை இழுப்பறையைக் கண்ணால் காட்டி, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் வைத்த சீல் இரண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது திரும்பினார்.

"சேச்சி, இனி ஜாதகம் நோக்காதெ ஒண்ணும் தரண்டா."

பழுப்பு நிறம்

அதிகச் சூட்டுக்குப் போடுவது வைட்டான். விலை கூடின ரப்பர். மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் வரும். பழுப்பாக இருந்தால் வைட்டான் என்று துறைமுகத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். மெயின்லேண்டிலிருந்து ஒரு புது சப்ளையரின் சேல்ஸ்மேன் பெட்டி நிறையப் பழுப்பு வளையம் கொண்டுவந்தார். விலை பாதிதான். சரக்கு சொக்கத் தங்கம் என்றார். தங்கம் என்றதும்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வைட்டான் கையில் கனக்கும். இவர் வளையத்தில் அந்தக் கனம் இல்லை.

சந்தேகத்தை முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சும்மா பக்கத்தில் போய் வரலாம் என்று சொல்லிவிட்டு, நாலு கடை தள்ளியிருக்கும் நகைக்கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டே போனேன். அவர் வளையம் ஒன்று, எங்கள் பழைய வைட்டான் ஒன்று, இரண்டும் ஒரே அளவு. தராசின் இரண்டு தட்டிலும் வைக்கச் சொன்னேன். எங்கள் தட்டு டக்கென்று இறங்கியது. அவர் தட்டு மேலேயே நின்றது. பழுப்புச் சாயம் போட்ட நைட்ரைல் அது. என்ஜினின் சூட்டில் வைத்திருந்தால் ஒரு வாரத்தில் அப்பளமாக நொறுங்கியிருக்கும். சேல்ஸ்மேன் பெட்டியை மூடினார். கோபப்படுவார் என்று நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். எதுவரைக்கும் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எட்டாவது என்றேன்.

"நல்லவேளைம்மா, ஒன்பதாவது படிக்கல."

அப்பாராவின் விரல்

அப்பாராவ் தெலுங்கர், கப்பல்களில் குழாய் வேலை செய்யும் ஃபிட்டர். கப்பல் சமையலறையின் சுடுதண்ணீர்க் குழாய்க்கு வளையம் கேட்டார். சுடுதண்ணீருக்கு ஈபிடிஎம். யோசிக்கவே வேண்டாத கேள்வி. அப்படியும் மூன்று தடவை பாக்கெட்டைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். நாலாம் நாள் அவர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதே ஜிலேபி. திரும்பி வந்த இரண்டாவது பீஸ். போன் எங்கே இருக்கிறது என்று தேடினேன். முதலாளிக்குச் சொல்வதா, ஒளிப்பதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் என் விரலில் ஏதோ வழுக்கியது. மோந்து பார்த்தேன். கிரீஸ். எதற்கு என்று கேட்டேன். வளையம் சுலபமாக உள்ளே போகக் கொஞ்சம் தடவினேன், எப்போதும் தடவுவேன் என்றார். அப்பாராவ் மட்டுமா, இந்தத் துறைமுகத்தில் கிரீஸ் தொடாமல் யாரும் எதையும் மாட்டுவதில்லை. அவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அதே பாக்கெட்டிலிருந்து இரண்டு வளையம் எடுத்து, ஒன்றைக் காலி ஊறுகாய் பாட்டிலில் தண்ணீரிலும், ஒன்றை இன்னொரு பாட்டிலில் அவருடைய கிரீஸிலும் போட்டு, வெயில் படும் ஜன்னலில் வைத்தேன். மூன்றாம் நாள் அவர் வந்தார். பாட்டில்களை அவர் முன்னால் தள்ளினேன். தண்ணீரில் கிடந்தது அப்படியே இருந்தது. கிரீஸில் கிடந்தது பருத்திருந்தது. அப்பாராவ் இரண்டையும் நசுக்கிப் பார்த்தார். பிறகு தன் ஆள்காட்டி விரலை உயர்த்தி, அதைத்தான் குற்றவாளி போலப் பார்த்தார்.

"அக்கா, கல்தி ரப்பர் கா நஹி, மேரா உங்லி கா."

கச்சால் போகிற கப்பல்

அப்பாராவ் விஷயத்தை முதலாளி யார் மூலமாகவோ பாதி மட்டும் கேள்விப்பட்டிருந்தார். வளையம் திரும்பி வந்த பாதி. பாட்டில் இருந்த பாதி அவருக்குப் போகவில்லை. அடுத்த வாரமே டிப்ளமோ படித்த கார்த்திக் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும், மரியாதையான ஆள். என்னை மேடம் என்றார். இரண்டு வாரம் கூட இருந்து பார்த்துவிட்டு, நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பரீட்சை எழுதுகிறவரே பேப்பர் திருத்துகிற மாதிரி. கோணி ஊசி எங்கே இருக்கிறது என்று நான் தேடி வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை, ஒரு செகண்ட் இன்ஜினியர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவர் கப்பல் மறுநாள் காலை நிக்கோபார் பக்கம் கிளம்ப வேண்டும். கச்சாலுக்கும் போகும் கப்பல். என் அண்ணன் குடும்பத்துக்கு அரிசியும் மருந்தும் அதில்தான் போகும். என்ஜின் அறையில் சூடான குழாய்களை ஒட்டி ஓடும் ஹைட்ராலிக் லைனில் கசிவு, அது நிற்காமல் கேப்டன் கிளப்ப மாட்டார். பத்து நாள் முன்னால் வேறு துறைமுகத்தில் போட்ட புது வளையம் என்று ஒன்றை நீட்டினார். கார்த்திக் வாங்கிப் பார்த்து, ஹைட்ராலிக் என்றால் நைட்ரைல்தான் என்று பாக்கெட்டை எடுத்துவிட்டார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பழைய வளையத்தை வாங்கி நசுக்கினேன். கொழகொழவென்று இருந்தது. அது எந்த ரப்பர் என்று கேட்டேன். நைட்ரைல், பாக்கெட்டைப் பார்த்து நானே மாட்டினேன் என்றார் இன்ஜினியர்.

நைட்ரைல் சாதாரண எண்ணெயில் பத்து நாளில் ஜிலேபி ஆகாது. அப்படியானால் எண்ணெய் சாதாரண எண்ணெய் இல்லை. இதை நான் எப்படிச் சொல்வது? டிப்ளமோ படித்தவர் ஒருவர், கப்பல் படிப்பு படித்தவர் ஒருவர், நடுவில் நான். என்ன எண்ணெய் என்று கேட்டேன். ஹைட்ராலிக் எண்ணெய்தான் என்றார். அந்தக் கப்பலில் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்ததாம். ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் நான் எதையும் தர மாட்டேன் என்றேன். படகுக்கு வளையம் வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிமாய் தாதா எழுந்து நின்றுவிட்டார். என் குரல் அவ்வளவு உயர்ந்திருக்கிறது.

பத்து மணிக்கு எண்ணெய் வந்தது. நிறமும் வாசனையும் நான் பார்த்த எந்த ஹைட்ராலிக் எண்ணெய் மாதிரியும் இல்லை. எங்களிடம் வளையத்தின் அளவு பார்க்கும் கூம்பு ஒன்று உண்டு. வளையத்தை மேலிருந்து போட்டால், அது நிற்கும் கோடுதான் அளவு. ஒரு நைட்ரைல், ஒரு ஈபிடிஎம், இரண்டும் ஒரே கோட்டில் நிற்பதை இன்ஜினியருக்குக் காட்டினேன். பிறகு இரண்டையும் நூலில் கட்டி அந்த எண்ணெய் பாட்டிலுக்குள் இறக்கி, பாட்டிலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தேன். தண்ணீர் ஆற ஆறக் கார்த்திக் மாற்றிக் கொடுத்தார். நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த இரண்டு வளையமும் பருக்காமல் அப்படியே இருந்துவிட்டால், ஒரு கப்பலை ஒரு பகல் முழுக்கக் காக்க வைத்த பைத்தியக்காரி என்று முதலாளிக்குப் போன் போகும்.

நாலு மணிக்கு எடுத்தோம். நைட்ரைல் கூம்பில் இரண்டு கோடு கீழே போய் விழுந்தது. ஈபிடிஎம் காலையில் நின்ற அதே கோட்டில் நின்றது. நிமாய் தாதாவின் படகைச் சுற்ற வைத்த அதே தண்ணி ரப்பர். இன்ஜினியர் கப்பலுக்குப் போன் செய்து ஸ்டோரில் இருக்கும் பீப்பாயைப் பார்க்கச் சொன்னார். சூடான குழாயில் சிந்தினாலும் எளிதில் தீப்பிடிக்காத தனி வகை எண்ணெய் என்று அதன் மேல் எழுதியிருந்ததாம். ஈபிடிஎம் வளையங்களைக் கொடுத்து, கிரீஸைத் தொட்ட கையால் இதைத் தொடாதீர்கள், அதே எண்ணெயில் நனைத்து மாட்டுங்கள் என்று ஆறு தடவை சொன்னேன். ஏழாவது தடவைக்கு அவர் ஓடிவிட்டார்.

கப்பல் காலையில் கிளம்பியது. கச்சால் போய்த் திரும்பி வந்தபோது அந்த லைனில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை என்று அந்த இன்ஜினியரே வந்து சொன்னார். அவர் வந்துபோன அன்று மாலை முதலாளி கார்த்திக்கைப் போனில் கூப்பிட்டார். கார்த்திக் ஸ்பீக்கரில் போட்டது வேண்டுமென்றேயா, கை தவறியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"சார், பார்சல் நான் கட்டறேன். அந்த சீட்ல அக்காவே இருக்கட்டும்."

ஊறுகாய்க் கடை

ஜெயித்தவள் நிம்மதியாக இருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அன்று ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போதே, பழைய வளையம் கைக்கு வந்ததால்தானே தப்பித்தேன், அதைக் கடலில் எறிந்துவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கே கடையில் சட்டம் போட்டேன். இயந்திரத்தில் ஓடுவது எதுவோ, அதைச் சின்ன பாட்டிலில் கொண்டுவராதவருக்கு வளையம் கிடையாது. சீஃப் இன்ஜினியர் ஆனாலும் சரி, எனக்குச் சொந்தக்காரர் ஆனாலும் சரி. புதிதாக வரும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு வளையத்தை நூலில் கட்டி டீசலில், என்ஜின் எண்ணெயில், கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, கூம்பில் அளந்த பிறகுதான் பாக்கெட் அலமாரிக்குப் போகும். ஜன்னலில் இப்போது இருபத்தாறு பாட்டில் இருக்கிறது. தெரியாதவர்கள் மாங்காய் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். கார்த்திக் அவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

போன வாரம் ஒரு புதுப் படகுக்காரர் வெறுங்கையோடு வந்து, அளவு சரியாக இருந்தால் போதும், கறுப்பாக ஒன்று கொடுங்கள், சலேகா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து நிமாய் தாதா அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் மடியில் அவருடைய பாட்டில் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது.

"நஹி சலேகா பாய், பஹலே போத்தல் லாவ்."

பயந்தாங்கொள்ளியை நாற்காலியில் உட்கார வைத்தால் கடையில் பாட்டில் பெருகும், கப்பலில் எண்ணெய் சிந்தாது.